பேச்சு வராதவனுக்கு வந்த வேலை

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த மறு வருஷம் தை மாதத்தில் என் வேலை போனது. ராணுவ லாரிகளைப் பழுது பார்த்த பட்டறையை மூடிவிட்டார்கள். எனக்கு அப்போது வயது இருபத்தாறு. ராயபுரத்தில் வாடகை வீடு. மனைவி ரோசிக்கு ஐந்தாம் மாதம்.

எனக்குச் சிறுவயது முதல் திக்குவாய். பழகியவர்களிடம் ஓரளவு பேசிவிடுவேன். மேசைக்கு அந்தப் பக்கம் ஒருவர் உட்கார்ந்து கேட்டால் என் பெயரே வெளியே வராது.

வேலைக்கு ஆள் எடுப்பதில் எத்தனை வகை உண்டு என்பதை அடுத்த இரண்டு மாதங்களில் தெரிந்துகொண்டேன். துறைமுக வாசலில் கேள்வியே கிடையாது. விடியற்காலையில் வரிசையாக நிற்க வேண்டும். மேஸ்திரி தோளைப் பார்த்து விரல் நீட்டுவார். நான் ஒல்லி. இரண்டு நாள்தான் கூப்பிட்டார். ஒரு கப்பல் ஆபீசில் மூன்று பேர் எதிரே உட்கார்ந்து, முந்தின வேலையை ஏன் விட்டாய் என்றார்கள். பட்டறையை மூடிவிட்டார்கள் என்று சொல்லப் போய் முதல் எழுத்திலேயே நின்றுவிட்டேன். நடுவில் இருந்தவர் என் மனுவைக் கவிழ்த்து வைத்தார். எண்ணூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் எட்டுப் பேரை ஒன்றாக உள்ளே விட்டு, முந்திக்கொண்டு பதில் சொன்னவர்களைக் குறித்துக்கொண்டார்கள். எனக்கு எல்லா விடையும் தெரியும். ஒன்றைக்கூடச் சொல்லவில்லை.

அன்று திருவொற்றியூர் வரை நடந்து வந்து கடற்கரையில் உட்கார்ந்தேன். உயிரோடு இருந்து என்ன பயன் என்று நினைத்தேன். அதை மறைக்க விரும்பவில்லை. பிறகு, "கர்த்தாவே, என் நாவின் கட்டை அவிழ்த்துவிடும்" என்று கேட்டேன்.

வீட்டில் ரோசி சோறு போட்டாள். "நீ பாட்டுக்குப் போய்கினே இரு. கர்த்தரு பாத்துப்பாரு" என்றாள். தினமும் காலையில் இருவரும் என் நாவின் கட்டு அவிழ வேண்டும் என்றே ஜெபித்தோம்.

பங்குனியில் தண்டையார்பேட்டைப் பட்டறை ஒன்றில் இரும்பை அரத்தால் தேய்த்துப் பொருத்தும் பிட்டர் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். அங்கே செய்து காட்டச் சொல்வார்கள். ஓர் இரும்புத் துண்டைக் கொடுத்து, சொன்ன அளவுக்கு அராவச் சொன்னார்கள். பக்கத்தில் வண்ணாரப்பேட்டை காதர் என்பவருக்கு, இரும்பைச் சுழற்றிக் கடையும் லேத்தில் பரீட்சை. அவர் கடைசல் பிடிக்க வேண்டிய துண்டைச் சுழலும் பிடியில் மாட்டி, அதற்கான சாவியால் இறுக்கிவிட்டு, சாவியைப் பிடியிலிருந்து எடுக்க மறந்து இயந்திரத்தை ஓட்டக் கையை நீட்டினார். ஓடியிருந்தால் அந்தச் சாவி பறந்து முகத்தில் அடித்திருக்கும்.

நிறுத்தச் சொல்லி வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. சுத்தியலை எடுத்து இரும்பு மேசையில் ஓங்கி அடித்தேன். பட்டறையே திரும்பியது. காதரும் கையை இழுத்துக்கொண்டு திரும்பினார். நான் சாவியைக் காட்டினேன்.

வேலையை மேற்பார்க்கும் போர்மன் வந்து சாவியைப் பார்த்தார், பாதியில் கிடந்த என் துண்டைப் பார்த்தார். மீதியை முடிக்கச் சொன்னார். முடித்ததும் அளந்து பார்த்துவிட்டு மானேஜர் அறைக்கு அழைத்துப் போனார். மானேஜர் பெயரைக் கேட்டார். எனக்கு வரவில்லை. போர்மன்தான் பேசினார்.

"இவனுக்குப் பேச்சு வராது சார். ஆனா கண்ணு வேலையிலயே கீது. எனக்கு இவன் வோணும்."

பிறகு டாக்டர் கண்ணையும் மார்பையும் சோதித்தார். திங்கட்கிழமை வேலையில் சேர்ந்தேன். ஆனியில் மகள் பிறந்தாள்.

ஏழு வருஷம் ஆகிறது. நாவின் கட்டு அவிழவில்லை. நான் கேட்டது ஒன்று, ஆண்டவர் கொடுத்தது வேறு. பேச்சு வந்திருந்தால் ஒருவேளை கப்பல் ஆபீசில் எடுத்திருப்பார்கள். காதர் பக்கத்தில் அன்று யார் நின்றிருப்பார்கள்? முன்பு மனிதர்களைக் கண்டால் ஒதுங்குவேன். இப்போது பட்டறைக்குப் புதிதாக ஆள் எடுக்கும்போது, பயந்து நிற்பவர் பக்கத்தில் போய் நிற்கிறேன்.

வேலை தேடும் சகோதரரே, சகோதரியே, எந்த அறையில் எதைச் சோதிப்பார்கள் என்று நமக்குத் தெரியாது. ஆண்டவருக்குத் தெரியும். அவரிடம் சொல்லிவிட்டு அடுத்த இடத்துக்கும் போங்கள்.