ஓட்டைச் சட்டி கேட்டு வந்த மாப்பிள்ளை

பீங்கானுக்குப் பேர்போன விருத்தாசலத்தில் கடைக்குப் போய் ஒரு பீங்கான் கோப்பையை எடுத்தால், விலை கேட்பதற்கு முன் அதை விரலால் சுண்டிப் பார்க்க வேண்டும். 'டங்' என்றால் நல்லது. 'டொக்' என்றால் எங்கோ விரிசல். விருந்துக்குப் போன வீட்டில்கூட டீக் கோப்பையைச் சுண்டிப் பார்த்துவிட்டுக் குடித்த பெரியவர் ஒருவரைக் கண்டிருக்கிறேன். வீட்டுக்காரர்கள் கோபித்துக்கொள்ளவில்லை. மலேசியாவில், ஜொகூரில், பிளாஸ்டிக் பையில் கட்டித் தரும் பால் சேர்க்காத 'தே ஓ' தேநீரை உறிஞ்சி வளர்ந்த எனக்கு, எதைச் சுண்டிப் பார்ப்பது என்று தெரியாமல் சில மாதங்கள் போயின.

நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டைக்கூட முடிக்காதவன். லாரியில் எடுபிடி, கோழிப் பண்ணை, சிங்கப்பூரில் கட்டட வேலை என்று சுற்றினேன். சம்பளம் வராவிட்டால் அடுத்த இடம், படுக்க இடமில்லாவிட்டால் லாரி. அதில் பெருமையும் இல்லை, வருத்தமும் இல்லை. சிங்கப்பூரில் வீட்டு வேலைக்கு வந்திருந்த செல்வியைக் கட்டிக்கொண்டேன். அவள் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனதும் இருவரும் இங்கே வந்தோம். ஜொகூர்க் கூட்டாளி மட்டும் அடிக்கடி கூப்பிட்டு, லாரி சும்மா நிற்கிறது, எப்போது வருகிறாய் என்பான். ஒருநாள் சாப்பிடும்போது, இந்த ஊரில் ஆர்க்கிட் பிழைத்தால் நானும் இங்கேயே இருந்துவிடுகிறேன் என்று சொன்னேன். விளையாட்டாகத்தான் சொன்னேன். செல்வி அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுவாரமே பெங்களூரிலிருந்து கூரியரில் மூன்று குட்டிச் செடிகளை வரவழைத்துவிட்டாள். ஈரத்தாளில் சுற்றிய, ஒரு சாண்கூட இல்லாத செடிகள்.

முதல் செடியை மாமியார் கவனித்துக்கொண்டார். நான் கடைக்குப் போய் வருவதற்குள் செம்மண்ணும் மாட்டெருவும் போட்டு நட்டு, ஒரு செம்பு தண்ணீரும் ஊற்றியிருந்தார். இதற்கு மண்ணே ஆகாது என்று சொன்னபோது அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "மண்ணு இல்லாம செடி என்னாத்தத் திங்கும் மாப்ள?" சில நாளில் வேர் அழுகிச் செடி சாய்ந்தது. அவரைக் குற்றம் சொல்லவில்லை. அடுத்ததை நானே கொன்றேன்.

ஜொகூரில் எங்கள் தோட்டத்து லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வீட்டு வரிசைக்குப் பின்னால் ரம்புத்தான் மரத்தில் ஆர்க்கிட்டுகள் தொங்கும். கம்பிக் கூடையில் அடுப்புக்கரியை நிரப்பிச் செடியைச் செருகிவிட்டால் போதும். தினமும் மாலையில் மழை வரும், காற்றே ஈரமாக இருக்கும், யாரும் தண்ணீர் ஊற்றிப் பார்த்ததில்லை. அதே போல இங்கேயும் கரிக்கூடை கட்டி வாசலில் தொங்கவிட்டேன். விருத்தாசலத்து வறண்ட மேல்காற்றுக்கு என் தோட்டத்தைத் தெரியாது. காலையில் ஊற்றிய தண்ணீர் பத்து மணிக்குள் காய்ந்து, செடி வற்றல் மிளகாய் போல ஆனது. மிஞ்சியது ஒன்று. அன்று முதல் செல்வி என்னோடு அளவாகத்தான் பேசினாள்.

வேருக்குக் காற்றும் வேண்டும், கொஞ்சம் ஈரமும் தங்க வேண்டும். உள்ளங்கையில் அடங்கும் சட்டி போதும். பெரிதானால் நடுவில் நீர் தங்கி மறுபடியும் அழுகும். வெறும் மண்சட்டி இந்த வெயிலில் ஈரத்தை உறிஞ்சிவிடும். ஆகவே வெளியே மட்டும் பளபளப்புப் பூசி, அடியிலும் பக்கத்திலும் ஓட்டை வைத்த பீங்கான் சட்டி என்று முடிவு செய்து, மச்சினன் வேலை பார்க்கும் செராமிக் கம்பெனிக்குப் போனேன். அங்கே அஞ்சலை என்கிற அம்மாள் பொம்மைக்கும் ஊறுகாய் ஜாடிக்கும் அச்சில் களிமண் கூழ் ஊற்றுவார்.

"என்னாத்துக்குண்ணே இத்தினி ஓட்டை?"

"வேருக்குக் காத்து வேணும் லா. தண்ணி நிக்கக்கூடாது." ஜொகூர் 'லா' இன்னும் என் நாக்கை விட்டுப் போகவில்லை.

"தண்ணி நிக்காததுக்குச் சட்டி எதுக்கு? கையிலயே புடிச்சிக்கிட்டு நில்லுங்க."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரமானது. ஆனாலும் சின்ன ஜாடிகளின் கழுத்தை அறுத்து, ஈரம் காயும் முன் குழாய்த் துண்டால் குத்திச் சூளைக்கு அனுப்பினார். சூளை திறந்த அன்று ஆசையோடு போனேன். சட்டிகளைக் காணோம். சரக்கைப் பிரிக்கும் மணி, ஊசி முனை ஓட்டை இருந்தாலும் பின்புறக் குவியலில் வீசிவிடுகிறவர். அதுதான் அவர் வேலை. என் சட்டிகளை வீசும்போது, எந்தப் பயல் இப்படிக் குத்தி விளையாடினான் என்று திட்டவும் செய்தாராம். குவியலைக் கிளறினோம். ஒன்றுதான் முழுசாகக் கிடைத்தது. அஞ்சலை அதைச் சுண்டிக் காட்டினார். அத்தனை ஓட்டையோடும் 'டங்' என்றது.

உடைந்த சட்டிகளையும் அள்ளி வந்தேன். துண்டுகளைச் சுண்டைக்காய் அளவுக்குத் தட்டிக் கழுவினேன். அவற்றோடு அடுப்புக்கரியைச் சேர்த்தேன். ஈரம் தங்குவதற்குத் தேங்காய் மட்டையைத் துண்டாக்கி ஊறப்போடச் சொன்னதும் மாமியாருக்கு உற்சாகம் வந்துவிட்டது. துளி எருவாவது போடலாமே என்று பேரம் பேசினார். பூக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்று தப்பித்தேன். சோறு வடிக்கும் ஆவி படுகிற அடுப்படிச் சன்னலில் சட்டியை வைத்தோம். மாமியாரும் செல்வியும் நானும் ஒருவருக்கொருவர் தெரியாமல் அதை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிழைத்துவிட்டது. புது இலை ஒன்று வந்தபோது செல்வி பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டினாள். ஜொகூர்க் கூட்டாளியிடம் சொன்னேன். அவன் விடவில்லை. செடிதானே, அதையும் தூக்கிக்கொண்டு வா என்றான். எவ்வளவு கனம் இருக்கும் என்று பார்க்கிறவன் போலச் சட்டியைத் தூக்கினேன். வரவில்லை. பக்கத்து ஓட்டை வழியாக ஒரு வேர் வெளியே வந்து, சன்னலின் மரச்சட்டத்தைப் பல்லி போல ஒட்டிக்கொண்டிருந்தது.

அடுப்பருகே இருந்த செல்வி திரும்பாமலே சொன்னாள்: "கொண்டு போறதுன்னா சன்னலையும் பேத்துக்கிட்டுப் போங்க. அம்மாவுக்கு வெளிச்சமாவது வரும்."

சட்டியை மெல்ல இருந்த இடத்திலேயே வைத்தேன். ஒரு வேர் சட்டிக்குள் விருத்தாசலத்து உடைசல் துண்டுகளில் இறங்கிவிட்டது. சட்டத்தை ஒட்டியிருந்த மற்ற வேரின் பச்சை நுனி மட்டும் இன்னும் வெளியே பார்த்துக்கொண்டிருந்தது.