திறக்காத இடது கதவு

இரண்டு வாரங்களுக்கு முன் கார்க் காப்புறுதி நிறுவனத்திலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தாள். காப்புறுதியைப் புதுப்பிக்கும் காலம். "விபத்து ஒன்று நடந்தால் உங்களால் எவ்வளவு தாங்க முடியும்?" என்று கேட்டாள். இங்கிலாந்துக்கு வந்த நாலு வருடத்தில் என்னிடம் இப்படி ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை. தனியே இருக்கிறேன், வேலைக்குப் போக பஸ் இல்லை, கார் நின்றால் வேலையும் நின்றுவிடும் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே போனேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எனக்கு ஒரு தொகை மட்டும் போதும், சேர்" என்றாள். யோசித்துச் சொல்வதாகச் சொல்லி வைத்துவிட்டேன்.

அவள் கேட்டது எக்ஸஸ். காருக்குச் சேதம் வந்தால் முதலில் நம் கையிலிருந்து போகிற பங்கு அது. அதற்கு மேல் உள்ளதைத்தான் நிறுவனம் கொடுக்கும். அவர்கள் கட்டாயமாக ஒரு பங்கு வைத்திருப்பார்கள். அதோடு நாமாக விரும்பி இன்னும் கொஞ்சம் ஏற்றுக்கொண்டால் மாதக் கட்டணம் குறையும். போன வருடம் நான் அதை உச்சத்துக்குக் கூட்டிவிட்டேன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு அது பெரிய கெட்டித்தனமாகத் தெரிந்தது. பச்சை விளக்கு எரிந்தாலும் இரண்டு பக்கமும் பார்த்துப் போகிற பயந்தாங்கொள்ளி நான். எங்கே போய் இடிக்கப் போகிறேன்?

நான் இடிக்கவில்லை. ஏழு மாதத்துக்கு முன் சுப்பர் மார்க்கெட்டில் நிறுத்தியிருந்த காரை யாரோ இடித்துவிட்டுப் போய்விட்டார்கள். பால் போத்தலோடு வந்து பார்த்தால் இடது கதவு உள்ளே போயிருந்தது. பக்கத்துக் காரில் சாமான் ஏற்றிய மனிதர் "ஐ ஆம் சொறி" என்றார். அவர்தான் இடித்தவர் என்று நினைத்து, கதைத்துத் தீர்ப்போம் என்று பின்னால் போனேன். அவர் பயந்து கதவைப் பூட்டிக்கொண்டார். பாவம், அனுதாபம்தான் சொல்லியிருக்கிறார்.

ஊரில், கொடிகாமத்தில் ஒருமுறை வாழைக்குலை ஏற்றிய லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் ஒன்று, அக்காவின் கணவரான அத்தான் வாடகைக்கு ஆள் ஏற்றும் வானை உரசியது. அங்கே யாரும் அனுதாபம் சொல்லவில்லை. "உமக்குக் கண் பிடரியிலையோ?" என்று அத்தான் கத்த, "றோட்டை உம்மடை கொப்பரோ எழுதித் தந்தவர்?" என்று மற்றவர் கத்த, பத்துப் பேர் கூடிவிட்டார்கள். கடைக்காரர் பால் விடாத பிளேன்ரீ கொடுத்து இருவரையும் இருத்தினார். பொழுதுபடுவதற்குள் லாண்ட்மாஸ்டர்காரரின் மச்சான் தன் கராஜில் நெளிவை எடுத்துவிட்டார். அத்தானும் கொஞ்சம் கொடுக்கத்தான் வேண்டியிருந்தது. பிறகு அந்த வீட்டுக் கலியாணத்துக்கு எங்களுக்கும் சொன்னார்கள்.

இங்கே கதவைத் திருத்தக் கராஜில் கேட்ட காசு என் எக்ஸஸை விடக் குறைவு. ஆகவே நிறுவனம் ஒரு சதமும் தராது. முழுவதும் கொடுக்க என்னிடமும் இல்லை. அந்தக் கதவு திறக்காது என்பதே எனக்கு நாலாம் நாள்தான் தெரிந்தது. அந்தப் பக்கத்தால் ஏற ஆளில்லை.

அக்காவுக்குச் சொல்லவில்லை. ஏழு மாதமாக வலது பக்கத்தில் நின்றே படம் எடுத்து ஊருக்கு, உரும்பிராயில் இருக்கிற அவர்களுக்கு அனுப்பினேன். போன ஞாயிறு வீடியோவில் அத்தான் பிடித்துவிட்டார்.

"தம்பி, உன்ரை காருக்கு மற்றப் பக்கம் இல்லையோ?"

காட்டினேன். அக்கா தலையில் கை வைத்தாள். "இன்சூரன்ஸ் இருக்கெல்லே?"

"இருக்கக்கா. இந்தளவு காயத்துக்கு அவங்கள் வரமாட்டாங்கள்."

"பின்னை, செத்தாத்தான் வருவாங்களோ?" என்றார் அத்தான்.

"வாயைப் பொத்துங்கோ" என்று அவரை அடக்கிவிட்டு அக்கா கேட்டாள்: "உந்தப் பக்கத்தாலை ஆர் ஏறுறது?"

நான் கைத்தொலைபேசியை வலது பக்கத்துக்குத் திருப்பினேன்.

மறுநாளே அந்தக் காப்புறுதிப் பெண்ணை அழைத்து மிகச் சிறிய தொகையைச் சொன்னேன். கட்டணம் கூடும் என்றாள். கூடட்டும் என்றேன். தனியே என்னால் தாங்கக்கூடியது அவ்வளவுதான். பழைய நெளிவு புதிய காப்புறுதியில் சேராது என்றும் சொன்னாள்.

நேற்று அத்தான் கதவை உள்ளேயிருந்து காட்டச் சொன்னார். கைத்தொலைபேசியை ஓட்டுநர் இருக்கையில் சாய்த்து வைத்துவிட்டு, கியரைத் தாண்டி இடது இருக்கைக்குப் போனேன்.

"தோளைக் குடுத்துத் தள்ளு."

"திறந்தாப் பிறகு பூட்டாட்டி, அத்தான்? பயமாக் கிடக்கு."

"அப்ப சும்மா இரு."

பழக்கத்தில் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு இருந்தேன். என் காரின் ஓட்டுநர் இருக்கையில் உரும்பிராய். பின்னால் அக்கா கோழிகளைக் கலைப்பது கேட்டது. அத்தான் தன் வானில் ஆட்களை ஏற்றியதும் கேட்கிற குரலில் கேட்டார்:

"சரி, எங்கை இறக்கிறது?"

இறங்குவதென்றாலும் அவர் இருக்கிற பக்கத்தால்தான் நான் இறங்க வேண்டும்.