உப்பில் வைத்த உள்ளான்

வேதாரண்யம் உப்பளம், காலை எட்டு மணி. உப்பு வாரும் செல்வமேரி அக்கா, நான் போனில் கேட்டுக்கொண்டபடி செத்த பறவை ஒன்றை எடுத்துவைத்திருக்கிறார். வடதுருவத்தை ஒட்டிய பகுதிகளில் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிருக்கு இங்கே வரும் உள்ளான். வருடக்கணக்கில் மக்காத பூச்சிமருந்து அதன் கொழுப்பில் தங்கியிருக்கிறதா என்று தஞ்சாவூர் ஆய்வகத்தில் நான் பார்க்க வேண்டும். ஐஸில் வைக்கத்தான் சொல்லியிருந்தேன். அவரோ மண்சட்டியில் கல்லுப்பைக் கொட்டிக் கருவாடு போலப் புதைத்திருக்கிறார்.

"ஐஸுக்கு எங்கங்க போறது? நாயும் காக்காவும் சுத்தி சுத்தி வருது. மூணு நாளா வேலைக்கும் சட்டியத் தூக்கிட்டுத்தான் போறேன். மோந்து பாருங்க, கெடவே இல்ல."

எனக்கு வந்த எரிச்சல் அப்படியே அடங்குகிறது. மூன்று வருடமாக இந்தக் கரையில் முழுசாக ஒரு பறவை கிடைத்ததில்லை.

"நல்ல காரியம் பண்ணீங்கக்கா."

கிளம்பும்போது இன்னும் இரண்டு கை உப்பை அள்ளுகிறார். நான் கையை நீட்டுகிறேன்.

"உப்பக் கையில குடுத்தா சண்டை வரும்பாங்க" என்று நான் கொண்டுவந்த பெட்டியின் மூடியில் வைக்கிறார். "தஞ்சாவூர் வரைக்கும் போவணும்ல. வழியில கெட்டுடக் கூடாது."

நான் தேடும் மருந்து எந்த வழியிலும் கெடாது. அதை அவரிடம் சொல்லாமல், உப்பைப் பத்திரமாக எடுத்துக்கொள்கிறேன்.