நகாமுரா-சான் வீட்டு மேப்பிளுக்குப் பதியம் கட்டிய கதை

நவம்பரில் கேட்கப்போகும் சத்தத்துக்காக மே மாதமே ஒருவர் வந்து என்னிடம் மன்னிப்புக் கேட்டார். டோக்கியோவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம் தள்ளியிருக்கிறது எங்கள் தெரு. பக்கத்து வீட்டு நகாமுரா-சான் தாளில் பொதிந்த புதுத் துண்டு ஒன்றை நீட்டி, இடுப்புவரை குனிந்து, தன் வீட்டை இடிக்கப்போகிறார்கள், தொந்தரவுக்கு மன்னிக்க வேண்டும் என்றார். எங்கள் ஊர் போடியில் என்றால் பக்கத்து வீட்டுச் சுவர் நம் அடுப்படிக்குள் விழுந்த பிறகுதான் இடிக்கிற சேதியே தெரியும். விழுந்த கையோடு, "தூசி உள்ள வருதாண்ணே?" என்று அக்கறையாக விசாரிக்கவும் செய்வார்கள்.

மனைவி இறந்தபின் தனியாக இருப்பவர் அவர். ஒசாகாவில் மகளோடு போய் இருக்கப்போகிறார். மனையை வாங்கியவருக்கு வெறும் தரைதான் வேண்டுமாம். அதனால் முற்றத்து மேப்பிளும் போகிறது. இங்கே அதை மொமிஜி என்பார்கள், கைவிரல் போன்ற சின்ன இலை, இலையுதிர் காலத்தில் ரத்தச் சிவப்பு. மகள் பிறந்தபோது அவர் மனைவி நட்டது. மரத்தடிக்குக் கூட்டிப்போய் இதையெல்லாம் அவர் நாளைக்கு மழை வரும் என்பதுபோலத்தான் சொன்னார். ஆனால் சொல்லி முடிக்கும்வரை மரத்திலிருந்து கையை எடுக்கவில்லை.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "மரத்தை விட்டுவிட்டுப் போவானேன்? ஒரு கிளையில் வேர்விட வைத்துச் சட்டியில் எடுத்துப் போகலாமே, போன்சாய்!" என்றேன். அவர் என்னையே பார்த்தார். ஜப்பானியருக்குப் போன்சாய் தெரியாமல் இருக்குமா என்பது என் நினைப்பு. மனிதர் நாற்பது வருஷம் லிஃப்ட் பழுது பார்த்தவர், செடிக்குத் தண்ணீர் ஊற்றியதோடு சரி. முன்பு முதுகுவலி வந்தபோது, இந்தியனாயிற்றே என்று என்னிடம் யோகா கற்றுக்கொள்ள வந்தவரும் அவர்தான். குனிந்து என் கால்விரலை நானே தொட்டு வருஷக்கணக்காகிறது. ஆக, இரண்டு பேரும் சமம்.

உண்மையைச் சொன்னால் நானும் பதியம் கட்டியதில்லை. எங்கள் ஊர்ப்பக்கம் சிலமலையில் கொய்யாவும் எலுமிச்சையும் வைத்திருக்கும் தங்கச்சி வீட்டுக்காரர் கட்டுவார், நான் பழம் தின்பேன். அவரை வீடியோவில் பிடித்தேன். "ஒரு வெரக்கட அகலத்துக்குச் சுத்திப் பட்டைய உரிச்சுருங்க மச்சான். வழவழப்புப் போகச் சொரண்டணும். பாசிய நனைச்சு, நல்லாப் பிழிஞ்சு, சுத்தி வச்சுப் பாலித்தீன இறுக்கிக் கட்டுங்க. கட்டிட்டு அந்தப் பக்கமே போகாதீக." அதன்படியே வேலிக்கு மேலாக எங்கள் பக்கம் நீண்டிருந்த கிளையில் கட்டினோம். கடைசி வாக்கியத்தைத்தான் நான் காதில் வாங்கவில்லை.

அது என் குற்றம் மட்டுமல்ல, பிறப்புக் குற்றம். அப்பா போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் மேஸ்திரி. லீவு நாளில் ஜீப்பில் அவரோடு நானும் ஏறிப்போவேன். மரத்தடியில் எந்நேரமும் நசநசவென்று ஈரம். இரண்டு நாள் தூறல் நின்றால் அப்பாவுக்குச் சோறு இறங்காது. "மண்ணு காஞ்சா மனுசன் காஞ்ச மாதிரி" என்பார். அந்த வீட்டில் வளர்ந்தவனுக்கு இது போதுமான ஈரம் என்று எப்படித் தோன்றும்? தினமும் ஆபீஸ் போகுமுன் ஊசியில்லாத சிரிஞ்சால் பாலித்தீன் ஓரத்தில் தண்ணீர் ஏற்றினேன். நகாமுரா-சான் தவறாமல் வந்து கைகட்டி, தலைதாழ்த்தி, நான் முடிக்கும்வரை நிற்பார். பாராட்டுகிறார் என்று நினைத்து இன்னொரு சிரிஞ்சு ஏற்றுவேன்.

ஜூலையில் பிரித்தால் குப்பென்று நாற்றம். பாசி கறுத்து, உரித்த இடம் அழுகிக் கிடந்தது. அழுகிய கிளையை நகாமுரா-சானே அறுத்து, செய்தித்தாளில் பொதிந்து எடுத்துப்போனார். அவர் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது எனக்கு. தங்கச்சி மாப்பிள்ளைதான் போனில் அந்தக் குறையைத் தீர்த்தார்.

"வேரே இன்னும் விடலை, அதுக்குள்ள தெனமும் பந்தி வச்சா அது என்னத்தத் திங்கும்? அது ஏலச்செடி இல்ல மச்சான்!"

கைக்கடக்கமாக நல்ல கிளை இன்னும் ஒன்றுதான் இருந்தது. அதுவும் போனால் நவம்பரில் மனிதர் வெறுங்கையோடு ரயிலேற வேண்டியதுதான். பாசியை அவரே பிழிந்தார், கம்பியை அவரே முறுக்கினார், லிஃப்ட்டுக்குக் கட்டியதுபோல அத்தனை உறுதி. பிறகு தொண்டையைக் கனைத்து, இரண்டு முறை குனிந்து, கேட்டார்: "உங்கள் கடவுள் கோபித்துக்கொள்ள மாட்டார் என்றால், இந்த முறை காலைப் பூஜையை நிறுத்திக்கொள்ளலாமா?"

ஒன்றரை மாதமாக நான் பூஜை செய்வதாக நினைத்திருக்கிறார்! தண்ணீர் அதிகம் என்று அவருக்கு முதல் வாரமே பட்டிருக்கிறது. அடுத்தவர் சாமியில் எப்படித் தலையிடுவது என்று பேசாமல் இருந்துவிட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கத்தில் காதும் சுட்டது. பூஜை முடிந்துவிட்டது என்று வாக்குக் கொடுத்தேன். அடுத்த மூன்று மாதமும் சிரிஞ்சை என் மனைவி எங்கேயோ ஒளித்து வைத்திருந்தாள்.

அக்டோபர் கடைசியில் பாலித்தீனுக்குள் வெள்ளை வெள்ளையாக வேர் தெரிந்தது. நகாமுரா-சான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தார், மறுபடி துடைத்தார். வேருக்குக் கீழே அறுத்துத் தட்டைச் சட்டியில் வைத்தோம். ஒரு முழம்கூட இல்லை, ஆனால் முழு மரம். பதியத்தையும் நம்மையும் ஒப்பிட்டுப் புலம்பெயர்ந்தோர் சங்கக் கூட்டத்தில் யாராவது பேசுவார்கள் என்று தெரியும். நான் பேசவில்லை.

கிளம்பும் நாளில் பெரிய மரம் கொழுந்துவிட்டு எரிவதுபோலச் சிவந்து நின்றது. திங்கட்கிழமை அதை வெட்ட ஆள் வருகிறார்கள். வீட்டைவிட்டுக் கிளம்புகிறவர் இங்கே 'இத்தேகிமாஸ்' என்பார், போய்விட்டு வருகிறேன் என்று பொருள். நம்மைப்போல இவர்களும் வெறுமனே போகிறேன் என்பதில்லை. வீட்டில் இருப்பவர் போய்விட்டு வாருங்கள் என்று பதில் சொல்ல வேண்டும். நகாமுரா-சான் சட்டியை மார்போடு அணைத்தபடி அந்த மரத்தின் முன் குனிந்து, "இத்தேகிமாஸ்" என்றார். நிமிரவில்லை. பதில் சொல்ல அந்த வீட்டில் யாரும் இல்லை.

போடி பஸ் ஸ்டாண்டில் அதே சொல்லைத் தமிழில் சொல்லிவிட்டு வந்து பதினோரு வருஷமாக வேலிக்கு இந்தப் பக்கம் இருக்கிறவன் நான். பதில் சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லைதான். ஆனாலும் அவர் அப்படியே குனிந்து நிற்பதைப் பார்க்க முடியவில்லை. தினமும் கிளம்பும்போது என் மகளுக்குச் சொல்கிற அந்த ஜப்பானியப் பதில் அந்த நேரத்தில் வாயில் வரவில்லை. "போயிட்டு வாங்கண்ணே" என்றேன். அவர் நிமிர்ந்து, என்னைப் பார்க்காமல், மரத்தைப் பார்த்துச் சரி என்று தலையாட்டினார்.