யாரோ தைத்த ரவிக்கை

லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த பெண்ணுக்கு ரவிக்கை அளவெடுத்தேன். தோள் அளவை வாய்க்குள் சொல்லிக்கொண்டே மேசைக்குத் திரும்பினால் எண் மனதிலிருந்து காணாமல் போயிருந்தது. மறுபடி அளந்தேன். மறுபடியும் போயிற்று.

"பதினாலுங்க. நீங்கதான சொன்னீங்க" என்று அந்தப் பெண் சிரித்தாள்.

பதுளை பஜாரில் பல வருடமாகத் தையற்கடை வைத்திருக்கிறேன். அளவை எழுதி வைக்கும் பழக்கமே எனக்குக் கிடையாது.

பிறகு ஒருநாள் மதியம் சாப்பிட்டுவிட்டு மிஷினுக்கு வந்தேன். கை இணைக்காமல் விட்டிருந்த ரவிக்கையில் இரண்டு கைகளும் தைக்கப்பட்டிருந்தன. சுத்தமான தையல்.

"யாரு வந்து இத தச்சது?"

கொக்கி வைத்துக்கொண்டிருந்த என் மனைவி நிமிர்ந்தாள். "யாரு வரப்போறா? சாப்பிடப் போறதுக்கு முன்னால நீங்கதாங்க தச்சீங்க."

நான் நம்பவில்லை. யாரோ கடைக்குள் வந்து போகிறார்கள் என்றே நினைத்தேன். மறுநாள் அவளிடம்கூடச் சொல்லாமல் ஃபோனில் வீடியோவைப் போட்டு நூல் பெட்டிமேல் சாய்த்து வைத்தேன்.

சாயங்காலம் நினைவு வந்து வீடியோவைப் பார்த்தேன். வேறு யாரும் வரவில்லை. நான்தான் தைத்தேன், எழுந்தேன், எதையோ தேடினேன். திடீரென்று ஃபோனைக் கண்டு கிட்டே வந்தேன். திரை முழுக்க என் முகம். "இத யாரு இங்க வச்சது?" என்று கேட்டேன். அந்தக் கண்கள் என்னையே பார்த்தன. அவற்றுக்கு என்னைத் தெரியவில்லை.

ஃபோனை மனைவியிடம் கொடுத்தேன். அவள் கடைசிவரை பார்த்தாள். மறுநாள் காலையிலேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

ஸ்கேன் வந்த பிறகு டாக்டர் படத்தில் ஓர் இடத்தைக் காட்டினார். "ஐயா, புதுசா நடக்கிறத பதிச்சு வைக்கிற பகுதி இது. வயசுக்கு மீறி கொஞ்சம் சுருங்கியிருக்கு. ஒண்ண மனசுல பிடிச்சுக்கிட்டே இன்னொண்ணு செய்றதும் ஒங்களுக்குக் கஷ்டமாயிருக்கு."

"முழுசா மறந்துருவேனா?"

"அப்படிச் சொல்ல முடியாது. சிலருக்கு மறதி கூடும், சிலருக்கு இப்படியே நிக்கும். வந்து காட்டிக்கிட்டே இருங்க."

அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தில் என் பெயரும் வயதும் இருந்தன. மற்றதெல்லாம் ஆள் இல்லாத வீடு மாதிரி இருந்தது.

இப்போது நான் சாக்குக்கட்டியால் துணியில் கோடு போட்டு முடிக்கும்வரை மனைவி பக்கத்தில் நின்று அளவைச் சொல்கிறாள். வேலை நடக்கிறது.

நேற்று மழையில் கடை சாத்தும்போது, "யாருகிட்டங்க பேசிக்கிட்டு இருந்தீங்க?" என்று கேட்டாள்.

கடையில் எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை. நான் பேசியதே எனக்குத் தெரியாது.

"என்ன பேசினேன்?"

அவள் விளக்கை அணைக்காமல், என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள்.