பறவைகளுக்கு வறுத்த கம்பு போட்ட நாள்

கருங்கல்லின் மேல் குருவிகள் தானியம் கொத்தும் ஓசையைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால், ஓலைக்கூரையில் முதல் தூறல் விழுவதுபோல் இருக்கும். என் எட்டாவது வயதில் தினமும் காலையில் அந்த ஓசையைக் கேட்டுத்தான் எழுந்தேன் என்று சொன்னால் அது பொய். அதைக் கேட்பதற்காகவே எல்லோருக்கும் முன்னால் எழுந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு பின்கதவருகே போய் உட்கார்ந்துகொள்வேன் என்பதே உண்மை.

காரிமங்கலத்துக்கு மேற்கே, நடந்து போனால் ஒன்றரை மணி நேரத்தில் சேர்ந்துவிடக்கூடிய சிற்றூர் எங்களுடையது. வீட்டுக்குப் பின்னால் இருந்த வெற்றிடத்தை 'பொறக்கடை' என்போம். அங்கே ஒரு புங்கமரம், இரண்டு முருங்கை, துணி துவைக்கிற ஒரு கருங்கல், அப்பால் மாட்டுக்கொட்டகை, அவ்வளவுதான். புடைத்து மிஞ்சிய நொய்யில் ஒரு பிடியை அம்மா தினமும் அந்தக் கல்லின் மேல் தூவுவாள். முதலில் சிட்டுக்குருவிகள் வரும். அவை வந்து ஆபத்தில்லை என்று தெரிந்த பிறகு மைனாக்கள் இறங்கும். ஏழெட்டாகக் கூட்டம் சேர்ந்து, ஒன்றையொன்று வைதுகொண்டே தத்தித் தத்தி வரும் தவிட்டுக்குருவிகளுக்கு எங்கள் வீட்டில் 'சண்டைக்காரிங்க' என்று பெயர். மணிப்புறாக்கள் மட்டும் எல்லாம் அடங்கின பிறகு, கடன் கேட்க வந்தவர்கள்போல ஒதுங்கி ஒதுங்கி வந்து மிச்சத்தைப் பொறுக்கும்.

அம்மாவுக்குப் பறவைகள்மேல் பெரிய பாசம் என்று நினைத்துவிடாதீர்கள். "இங்க ஒரு புடி போட்டுட்டா களத்துல காயறதைக் கொத்தாது, அவ்வளவுதான்" என்பாள். அப்பாவுக்கோ இது ஒரு வேடிக்கை. கம்பு கதிர் பிடித்துவிட்டால், பொழுது விடிந்ததிலிருந்து அடையும் வரை எங்கள் புன்செய்க் காட்டில் பரண்மேல் நின்று, கவண்கல் வீசி, தொண்டை கட்டும்வரை கத்திப் பறவைகளை ஓட்டுவது அவர் வேலை. "நான் அங்க பகலெல்லாம் வெரட்டறேன். இவ இங்க இலை போட்டு விருந்து வெக்கறா" என்று சிரிப்பார்.

உலகச் சண்டைக் காலம் அது. எங்கேயோ நடந்த சண்டைக்கு எங்களூரில் மண்ணெண்ணெய் கிடைக்காமல் போயிற்று, தானியம் பொன்னாகிவிட்டது. அந்த வருஷம் பார்த்துத்தானா வீட்டில் எலிகள் பெருக வேண்டும்? குதிரின் அடியைக் குடைந்து கேழ்வரகைத் தின்றன, மூட்டையைக் கிழித்தன, ஒருநாள் தூங்கிக்கொண்டிருந்த என் தங்கை பொன்னியின் கால் விரலைக் கடித்து ரத்தம் வரச் செய்தன. பொன்னிக்கு அப்போது மூன்று வயது. அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. சந்தைக்குப் போனவர் திரும்பி வரும்போது ஒரு சிறு பொட்டலம் வாங்கி வந்தார்.

அதற்கு முந்தின நாள்தான் அம்மா தன் தங்கையின் பிரசவத்துக்காகத் தொப்பூர்ப் பக்கம் புறப்பட்டுப் போயிருந்தாள். போகும்போது என்னிடம், "குருவிக்கும் பொன்னிக்கும் நேரத்துக்குத் தீனி போட்டுடு கண்ணு. ரெண்டுல எதையும் பட்டினி போட்டுறாத" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்தப் பொறுப்பில் எனக்கு எவ்வளவு பெருமை என்றால், அன்றைக்கே பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அம்மாவைப்போல நடக்க ஆரம்பித்துவிட்டேன்.

சந்தையிலிருந்து வந்த சாயங்காலமே அப்பாவும் எங்கள் சித்தப்பாவும் இரண்டு படி கம்பை வறுத்து ஒரு மண்சட்டியில் கொட்டி, மாட்டுக்கொட்டகையில் கூரைக்குக் கீழே உயரமாகக் கட்டிய அட்டாலியின் மேல் வைத்தார்கள். அப்பா எங்கள் இருவரையும் நிற்க வைத்துச் சொன்னார்: "மேல இருக்கற சட்டிகிட்ட போகக் கூடாது. எலி மருந்து. ஒரு பருக்கை வாயில பட்டாலும் உசுரு போயிடும்." பொன்னிக்கு என்ன புரிந்ததோ, எனக்கு அன்றிலிருந்து கொட்டகைப் பக்கம் போனாலே அட்டாலியை நிமிர்ந்து பார்க்கப் பயம். அந்தச் சட்டி எப்படி இருக்கும் என்றுகூட நான் சரியாகப் பார்த்ததில்லை.

சில நாள் கழித்து ஒரு காலையில், அம்மா வைத்துவிட்டுப் போன நொய் தீர்ந்துபோயிற்று. அப்பா விடியும் முன்பே காட்டுக்குப் போயிருந்தார். சித்தப்பா கவலை ஓட்டித் தண்ணீர் இறைக்க மாடுகளைப் பிடித்துக்கொண்டு கிணற்றுக்குப் போய்விட்டார். கல்லைச் சுற்றிக் குருவிகள் வந்து காத்துக்கொண்டிருந்தன. என்ன செய்வது என்று கொட்டகைப் பக்கம் போனால், தீனித்தொட்டியின் சுவர்மேல் ஒரு சட்டி நிறைய வறுத்த கம்பு! மேலே இருந்தால் அல்லவா மருந்து? இது கீழே, கைக்கெட்டும் இடத்தில், கமகமவென்று மணத்துக்கொண்டு இருந்தது. சித்தப்பா தின்பதற்கு வறுத்து வைத்திருப்பார் என்று எண்ணிக்கொண்டு இரண்டு கையாலும் அள்ளிப் பாவாடையில் கட்டிக்கொண்டேன். பாதியைக் கல்லின் மேல் தூவினேன். மீதியில் பொன்னிக்கு ஒரு பிடி கொடுத்தேன், நானும் மென்றேன். வறுத்த கம்புக்கு அன்று வந்த கூட்டம்போல் அதற்கு முன் வந்ததே இல்லை. ஒரு நாழிகைக்குள் கல் துடைத்துவிட்டதுபோல ஆயிற்று.

உச்சிப்பொழுதில் சித்தப்பா மாடுகளுக்குச் சோளத்தட்டு எடுக்க வந்தார். தொட்டிச் சுவரைப் பார்த்து, "அடடா, எடுத்து வெக்காம போயிட்டனே" என்று முணுமுணுத்தபடி அந்தச் சட்டியைத் தூக்கி அட்டாலிமேல் வைத்தார். வாசலில் நின்ற என்னைப் பார்த்ததும், "கிட்ட வராத பாப்பா, எலி மருந்து" என்று சொல்லிவிட்டுத் தட்டுக்கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அவரைக் கூப்பிட வேண்டும் என்று எனக்குத் தோன்றுவதற்குள் அவர் கண்ணுக்கு மறைந்துவிட்டார். பொறக்கடைக்கு ஓடினேன். எந்த நேரமும் இரண்டு குருவியாவது கிடக்கும் அந்த இடத்தில் ஒன்றுகூட இல்லை. புங்கமரத்தில் இல்லை, கூரை இறவாரத்தில் இல்லை. சண்டைக்காரிகளின் சத்தம் எங்கேயும் கேட்கவில்லை. முருங்கையின் அடியில் சாம்பல்நிற இறகு ஒன்று கிடந்தது. எல்லாம் எங்கேயோ போய் விழுந்து செத்துவிட்டன என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

அப்புறந்தான் பொன்னியின் நினைவு வந்தது. உள்ளே ஓடிப் பார்த்தேன். பாயில் கால் பரப்பித் தூங்கிக்கொண்டிருந்தாள். மூக்கினடியில் விரல் வைத்தேன், மூச்சு வந்தது. மறுபடி வைத்தேன். உலுக்கி எழுப்பி உட்கார வைத்தேன். தேள் கடித்தவருக்கும் பாம்பு கடித்தவருக்கும் யார் யாரோ சொன்ன வைத்தியமெல்லாம் ஒன்றாகக் குழம்பி, விஷத்தை மோர் முறிக்கும் என்று எங்கிருந்தோ எனக்குத் தோன்றியது. பானையிலிருந்த மோரை லோட்டா லோட்டாவாக மொண்டு கொடுத்தேன். மாட்டேன் என்று தலையைத் திருப்பினவளைக் கெஞ்சி, மிரட்டி, மூக்கைப் பிடித்து ஊற்றினேன். நாலாவது லோட்டாவில் அவள் 'குபுக்'கென்று அவ்வளவையும் என்மேல் வாந்தி எடுத்தாள்.

மோர் அளவுக்கு மீறினால் யாருக்கும் வாந்தி வரும் என்று இப்போது எனக்குத் தெரிகிறது. அன்று அது மருந்து வேலை செய்வதாகவே பட்டது. அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினேன். எங்கள் காடு ஊருக்கு வெளியே, ஓடையைத் தாண்டி இருந்தது. நெருஞ்சி குத்தியதும், ஓடைமணலில் இரண்டு முறை விழுந்ததும் பிறகுதான் தெரிந்தன. பொன்னிக்கு அது ஒரு சவாரி. என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "இன்னும் வேகமா" என்றாள்.

பரண்மேல் நின்ற அப்பா தூரத்திலேயே எங்களைப் பார்த்துவிட்டுக் கவணைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி வந்தார். "என்னாச்சு? ஏன் இப்பிடி ஓடியார?"

"அப்பா, பொன்னி செத்துப் போயிருவாப்பா. மருந்துக் கம்பை நான்தாம்பா குடுத்தேன். குருவிக்கும் போட்டேன். குருவியெல்லாம் செத்துப் போச்சு."

ஒரு கணம் அப்பாவின் முகத்தில் ஏதோ தெளிவு வந்ததுபோல் இருந்தது. மறுகணமே அது மறைந்தது. "இன்னிக்கா குடுத்த? காலைலயா?" என்றார். தலையாட்டினேன். வாய்க்குள்ளேயே முணுமுணுத்தபடி விரல்களை மடக்கி எண்ணினார். "சந்தையன்னிக்குச் சாயங்காலம் வெச்சதைச் சேர்த்தா நாலு. சேர்க்காட்டி மூணு" என்று தனக்குத்தானே சொன்னார். பிறகு பொன்னியை என்னிடமிருந்து பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டு கிணற்றை நோக்கி ஓடினார். எங்கப்பா ஓடி அதற்கு முன் நான் பார்த்ததில்லை. பின்னாலேயே அழுதுகொண்டு ஓடினேன்.

சித்தப்பா கவலை வடத்தின் மேல் உட்கார்ந்து, பாட்டுப் பாடிக்கொண்டு மாடுகளைச் சரிவில் இறக்கிக்கொண்டிருந்தார்.

"டேய்! சட்டில மருந்து கலந்துட்டியா?" என்று அப்பா கத்தினார்.

மாடுகள் நின்றன. சித்தப்பா விழித்தார். "என்னண்ணா?"

"கலந்தியா இல்லியாடா, சொல்லு!"

"இல்லண்ணா. இன்னிக்குத்தான மூணாம் நாளு? நீங்கதான மூணு நாளைக்கு வெறுந்தீனி வெச்சு எலியப் பழக்கணும், நாலாம் நாளு மருந்து கலக்கலாம்னு சொன்னீங்க?" என்று சொல்லிக்கொண்டே இடுப்பு மடியை அவிழ்த்து அந்தப் பொட்டலத்தை எடுத்துக் காட்டினார். கட்டின நூல்கூட அவிழாமல் இருந்தது. "காலைல கலந்துடலாமான்னுகூடப் பார்த்தேன். சட்டிய எறக்கிட்டேன். நாளுக் கணக்குச் சரியாத் தெரியல, உங்களைக் கேட்டுக்கிட்டுச் செய்யலாம்னு வுட்டுட்டேன்."

அப்பா பொன்னியை மடியில் வைத்துக்கொண்டு ஓடுகிற வாய்க்காலிலேயே உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் அவர் வேட்டியை நனைத்துக்கொண்டு போயிற்று. பொன்னி தண்ணீரைக் கையால் அடித்து விளையாட ஆரம்பித்தாள். அப்பா சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. கொஞ்ச நேரம் கழித்து என்னைப் பார்த்து, "நீ தின்னியா?" என்றார்.

அப்போதுதான் எனக்கே அது நினைவுக்கு வந்தது. "ம்" என்றேன். கையை நீட்டி என்னையும் வாய்க்காலுக்குள் இழுத்து உட்கார வைத்துக்கொண்டார். அவர் மார்பு அடித்துக்கொண்டது என் காதுக்குக் கேட்டது. என் நெஞ்சிலிருந்து ஒரு பாறையை யாரோ புரட்டிப் போட்டதுபோல அழுகை பீறிட்டு வந்தது; ஆனால் அது சற்றுமுன் ஓடி வரும்போது அழுத அழுகை அல்ல, இதில் வலியே இல்லை.

"அப்பொ குருவிங்க?" என்று விக்கலுக்கு நடுவே கேட்டேன்.

அப்பா எழுந்து, ஈர வேட்டியைப் பிழிந்துவிட்டு, "வா காட்டறேன்" என்று கூட்டிப் போனார். கம்மங்காட்டின் ஓரத்தில் நின்றபோது எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. கதிர்கள் காற்றில்லாமலே ஆடிக்கொண்டிருந்தன. பிறகு பார்த்தால் கதிருக்கு ஒரு குருவி. கிளிகள் தலைகீழாகத் தொங்கின, மைனாக்கள் வரப்பில் இறங்கி உதிர்ந்ததைப் பொறுக்கின. எங்கள் சண்டைக்காரிகளும் அங்கேதான் இருந்தார்கள், வேலியடியில் சருகைக் கிளறிக்கொண்டு, வழக்கம்போல் ஒருத்தியை ஒருத்தி வைதுகொண்டு. காவல் இல்லாத அந்தச் சிறிது நேரத்துக்குள் உச்சி வெயிலுக்கு நிழலில் அடங்கியிருந்த ஊர்ப் பறவை அத்தனையும் எங்கள் காட்டில் இறங்கிவிட்டிருந்தது.

பின்னாலேயே வந்த சித்தப்பா பதறிப்போய், "ஐயோ அண்ணா, மேல ஏறட்டுமா?" என்று கவணுக்குக் கை நீட்டினார்.

"வுடுடா" என்றார் அப்பா. "இன்னிக்கு ஒரு பொழுது திங்கட்டும்."

பொழுது சாயும்வரை நாங்கள் நாலு பேரும் வரப்பில் உட்கார்ந்து, எங்கள் கம்பைப் பறவைகள் தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். தானியம் பொன்னாக இருந்த வருஷத்தில் ஒரு குடியானவன் அப்படிச் செய்தான் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். அந்தப் பொட்டலத்தை அன்று மாலையே ஊருக்கு வெளியே ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தார்கள். எலிகளுக்கு மூங்கில் கிட்டி வைத்துப் பிடித்தோம். எல்லாம் ஒழியவில்லை, ஆனாலும் குறைந்தன.

அம்மா திரும்பி வந்தபோது அவளிடம் யாரும் மூச்சு விடவில்லை. "அவ காதுல வுழுந்தா நம்ம மூணு பேரையும் வூட்டுல சேர்க்க மாட்டா" என்று அப்பா சொல்லியிருந்தார். காட்டுக்குப் புறப்படும் முன் அப்பாவே ஒரு பிடி நொய்யைக் கல்லின் மேல் போட்டுவிட்டுப் போவதைச் சில நாள் பார்த்துவிட்டு, "உங்கப்பனுக்கு என்ன வந்துது?" என்று அம்மா என்னைக் கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன்.

இப்போது அந்த ஊருக்குப் பேருந்து போகிறது. எங்கள் பொறக்கடை இருந்த இடத்தில் சிமெண்டு பூசி மோட்டார் வண்டிகள் நிறுத்துகிறார்கள். கம்பு விதைப்பவர்கள் குறைந்துவிட்டார்கள்; பரணை என் பேரன் படத்தில்கூடப் பார்த்ததில்லை. கிணற்றில் தண்ணீரும் இல்லை, கவலையும் இல்லை. மைனாக்கள் மட்டும் டீக்கடை வாசல்களில் பிழைத்துக்கொண்டன. சிட்டுக்குருவியைக் காண்பது அரிதாகிவிட்டது. அப்பா, அம்மா, சித்தப்பா எல்லோரும் போய்ச் சேர்ந்து நெடுநாளாயிற்று.

பொன்னி ஓசூரில் மகன் வீட்டில் இருக்கிறாள். அவளுக்கும் கொள்ளுப்பேத்தி பிறந்துவிட்டது. இதை எழுத உட்கார்ந்தபோதுதான், இத்தனை வருஷமாக அவளிடமே இதைச் சொல்லவில்லை என்பது உறைத்தது. போனில் கூப்பிட்டு, முதலிலிருந்து கடைசிவரை சொன்னேன். அவள் மனசு சங்கடப்பட்டுவிடுமோ என்று பயந்தேன்.

"ஏங்க்கா, அப்பா ஓடினாருன்னு சொன்னியே" என்றாள். "அவரு தோள்மேல நானா இருந்தேன்?"

"ஆமா, நீதான்."

"எனக்கு ஒண்ணுமே ஞாபகமில்லியே" என்றாள். "அதை மட்டும் இன்னொரு தரம் சொல்லுக்கா."