இடது கை தூக்கிய பிள்ளை

என் அக்காவுக்குச் சின்னப் பிள்ளைகளின் சத்தம் கேட்டாலே தலைவலி. அப்படிப்பட்டவள் ஆசிரியர் பயிற்சி படித்தாள் என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் படித்தாள். இரண்டு வருடப் படிப்பில் ஒன்றே முக்கால் வருடத்தை முக்கி முனகித் தள்ளியும் விட்டாள். பகலில் கல்லூரி, சாயங்காலம் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. அங்கே லென்ஸைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துவாள். கடையிலிருந்து வரும் நாட்களில் வாய் ஓயாமல் பேசுவாள். கடை விடுமுறை என்று கல்லூரியிலிருந்து நேராக வந்தால், செருப்பைக் கழற்றக்கூடத் தெம்பிருக்காது.

சேர்த்துவிட்டது அம்மா. அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா. இருபத்தாறு வருடமாக வகுப்பறைகளைப் பெருக்குகிறாள். அப்படி ஒரு அறையில் தன் மகள் நாற்காலி போட்டு உட்கார வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அதைச் சொல்லும்போது முகமே மாறிவிடும். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு ‘மாட்டேன்’ என்று சொல்ல எங்கள் இருவருக்குமே தைரியம் இல்லை. நான் சின்னவள், தப்பித்தேன். அக்கா மாட்டிக்கொண்டாள்.

கடைசிக் கட்டமாக ஒரு பள்ளியில் நாற்பது நாள் பாடம் நடத்த வேண்டும். முடிவில் கல்லூரியிலிருந்து ஒரு மேடம் வந்து, பின்பெஞ்சில் உட்கார்ந்து மார்க் போடுவார். அதற்கென்று ஒரு ஏற்பாடு உண்டு. முந்தின நாளே பாடத்தை நடத்திவிட்டு, பிள்ளைகளிடம் சொல்லி வைப்பார்கள்: கேள்வி கேட்டால் எல்லோரும் கை தூக்க வேண்டும், பதில் தெரிந்தவர்கள் வலது கை, தெரியாதவர்கள் இடது கை. வலது கையாகப் பார்த்து எழுப்பினால் வகுப்பே அறிவுக் கொழுந்தாகத் தெரியும். இதைக் கண்டுபிடித்த மகராசி யாரோ, நன்றாக இருக்கட்டும்.

அக்காவும் அப்படியே சொல்லி வைத்தாள். மேடம் வந்த அன்றைக்கு அவள் கேள்வி கேட்டதும் வகுப்பு முழுக்கக் கை எழுந்தது. எதிரே நின்று பார்த்தவளுக்கு எது வலது, எது இடது என்று குழம்பிவிட்டது. ராத்திரி முழுக்கப் பாடக்குறிப்பு எழுதித் தூங்காத கண்ணுக்கு எல்லாக் கையும் ஒன்றுதான். மூன்றாம் வரிசையில் ஒரு சிறுமியை எழுப்பினாள்.

சிறுமி எழுந்தாள். கண் கலங்கிவிட்டது. “மிஸ், நான் இடது கைதானே தூக்கினேன்?”

அக்காவுக்கு உயிரே போய்விட்டது. மேடம் மட்டும் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார். மணி அடித்ததும் தாளை நீட்டினார். நூற்றுக்கு எண்பத்திரண்டு. ‘மாணவர்கள் அனைவரும் ஆர்வமாகப் பங்கேற்கின்றனர்’ என்று குறிப்பு வேறு.

“மேடம், அந்தப் பொண்ணு சொன்னது...” என்று அக்கா இழுத்தாள்.

“நாங்களும் இப்படித்தாம்மா பாஸ் பண்ணோம். அடுத்த தடவ ஒழுங்கா பாத்து எழுப்பு.”

வெளியே வந்தால் அந்தச் சிறுமி காத்துக்கொண்டு நிற்கிறாள். “மிஸ், என்னால உங்களுக்கு மார்க் போயிடுச்சா?” என்று கேட்டாளாம். அக்காவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து இதையெல்லாம் என்னிடம் கொட்டிவிட்டு, சமையலறை வாசலில் அப்படியே உட்கார்ந்தாள்.

“இன்னும் ரெண்டே ரெண்டு பரீட்சைதான்க்கா. கண்ண மூடிக்கிட்டு எழுதிடு” என்றேன்.

“எழுதிடலாம்டி. அப்புறம் முப்பது வருஷம் கண்ணத் தொறந்துக்கிட்டு இருக்கணுமே.”

அம்மா வேலை முடிந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். அக்கா உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னாள்.

“அம்மா, எனக்கு இந்தப் படிப்பு புடிக்கலம்மா. என்னால முடியல.”

இடி விழும் என்று நான் காத்திருந்தேன். அம்மா முந்தானையில் கையைத் துடைத்தாள். அவசரமே இல்லாமல் துடைத்தாள்.

“எனக்கும்தான் பெருக்குறது புடிக்கல. இருபத்தாறு வருஷத்துல ஒருத்தர், உனக்குப் புடிக்குதான்னு என்னக் கேட்டதில்ல.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இப்படிக் குத்திக் காட்டினால் அவள் எப்படிப் படிப்பை விட முடியும்? ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அம்மா அக்காவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“உன்ன நானும் கேக்கலயேடி” என்றாள்.

தேர்வு நாளன்று அக்கா காலையிலேயே கண்ணாடிக் கடைக்குப் போனாள். அம்மா பள்ளிக்கூடத்துக்குப் பெருக்கப் போனாள்.